வெளிச்சம் பார்க்கிறவர் வாங்கிய இதயம்

தெல்ஃபீனா முட்டையை உடைக்கப் போகும்போது கணவர் எவாரிஸ்தோவின் கை நீளும். வாணலியில் பன்றிக்கொழுப்பு உருகிச் சடசடத்துக்கொண்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்காமலே முட்டையை அந்த உள்ளங்கையில் வைப்பாள். பருத்த முனை மேலே வரும்படி மூன்று விரல்களால் பிடித்து, ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் அதை மெல்ல உருட்டுவார். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார். கடையில் வாங்கிய முட்டைதான். சேவல் வாடையே படாத கோழி இட்டது. அதில் எதுவும் இருக்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பார்க்காத முட்டை அந்த வீட்டு வாணலியில் விழுந்ததில்லை.

“என்ன கிழவா, உள்ள யாராவது இருக்காங்களா?” என்பாள் தெல்ஃபீனா.

“ஆளில்ல. உடைச்சுக்க.”

அவர்களுக்குள் காலை வணக்கம் என்று இருந்தது இதுதான்.

மெக்சிகோ தின்கிற முட்டையில் பாதி இந்தச் செம்மண் மேட்டிலிருந்துதான் போகிறது என்று தேபா ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். ஊர் முடிந்து நீலக்கற்றாழை வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. எவாரிஸ்தோவுக்கு அங்கே வெளிச்சம் பார்க்கிற வேலை. மீசை முளைத்த காலத்தில் சேர்ந்தவர். இப்போது அது நரைத்துவிட்டது. ஜன்னல் இல்லாத ஓர் அறை. அடைகாக்கும் இயந்திரத்தில் ஒரு வாரம் இருந்த முட்டைகள் தட்டுத் தட்டாக அங்கே வரும். கையடக்க விளக்கின் வாயை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால் அது உள்ளிருந்து சிவந்து எரியும். முழுக்கத் தெளிந்து, வெளிச்சம் தங்குதடையின்றிக் கடந்து போனால் அது கூமுட்டை, வாளிக்குப் போகும். சிவந்த ஒளியில் மெல்லிய நரம்புகள் ஓடி, ஓரமாக ஒரு கருப்புத் திரள் ஒட்டியிருந்தால் அது பிடித்துவிட்டது, உயிர் வளர்கிறது, இயந்திரத்துக்குத் திரும்பும். தெளிவு என்றால் சாவு, கருப்பு என்றால் உயிர். கண்ணுக்கு அதைத் தவிர வேறு பாடம் அவர் கற்றதில்லை.

ஒரு வருஷம் அவர் சமையலறைக்கு வருவதை நிறுத்தினார். காபியைக் கொல்லையில் நின்றபடி குடித்தார். முட்டை அவர் கைக்குப் போகாமலே உடைந்தது. முதல் நாள் தெல்ஃபீனா கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பழகிக்கொண்டாள். பழகிக்கொண்டது போல் இருந்தாள்.

காரணம் இடது பக்கத்தில் இருந்தது. முதலில் குளிக்கும்போது கைக்குத் தட்டிய ஒரு கனம். வலி இல்லை. காய்ச்சல் இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அது வாத்து முட்டை அளவுக்கு வந்தது. அதற்கடுத்த மழைக்குள் கொய்யாப்பழத்தையும் தாண்டிவிட்டது. விதைப்பையின் அந்தப் பக்கம் தோல் இழுபட்டு வழவழவென்று பளபளத்தது. நாற்காலியில் உட்கார்வதே ஒரு வேலையாகிவிட்டது. எந்தக் காலை முதலில் அகற்றுவது, எந்தப் பக்கம் சாய்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்த உடனே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். மரியாதை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு வெளிச்ச அறையின் கதவைத் தாழிட்டார். தன் விளக்கைத் தானே தன் மீது பிடித்துப் பார்த்தார்.

சிவந்து எரிந்தது. மெல்லிய நரம்புகள் ஓடின. ஓரமாக, பின்னால் ஒட்டி, ஒரு கருப்புத் திரள்.

அவர் விளக்கை அணைத்தார். இருட்டில் இயந்திரங்களின் முனகல் மட்டும் கேட்டது. அந்தப் படத்தை அவர் வாழ்நாளில் எத்தனை முறை பார்த்திருப்பார். ஒவ்வொரு முறையும் அவர் கை தன்னால் அந்த முட்டையைத் திரும்ப இயந்திரத்தில் வைத்திருக்கிறது. பிடித்துவிட்டது. வளர்கிறது. தன்னைத் தின்கிற ஏதோ ஒன்று உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதைத் தவிர அவர் மூளை வேறு எதையும் யோசிக்கவில்லை. பேன்ட்டை இழுத்துக் கட்டி, தாழை எடுத்து, அடுத்த தட்டைத் தூக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஊர் ஆண்கள் கை ஒடிந்தால் மதுக்கடை முழுக்கக் காட்டுவார்கள். பல் பிடுங்கினால் பல்லையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள். இது வேறு. டாக்டரிடம் போனால் கத்தி எடுப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. சிறுவயதில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் சேவல்களுக்குக் காயடிப்பதைப் பார்த்திருக்கிறார். காயடித்த சேவல் கூவாது. கொண்டை வெளிறித் தொங்கும். மற்றக் கோழிகளுக்கு நடுவே குண்டாக, சாதுவாக, யாரோடும் சண்டையில்லாமல் மேயும். சாவதற்கு முன் அப்படி மேய வேண்டுமா என்றுதான் யோசித்தார். சாவைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. அது வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முதுகு வலி என்று சொல்லி, மிளகாய் காயவைக்கும் அறையில் இருந்த கட்டிலுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்.

“முதுகு வலிக்கு மிளகா நல்லதா?” என்று கேட்டாள் தெல்ஃபீனா.

“இந்தக் கட்டில் கெட்டியா இருக்கு. அதான்.”

“நம்ம கட்டில்ல என்ன, பஞ்சா அடைச்சு வெச்சிருக்கு?”

அவள் கதவருகே நின்று அவருடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் அவை ஜோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன, விருந்தாளியின் செருப்புகளைப் போல.

பொரிப்பகத்தில் ரொசெந்தோ சும்மா விடவில்லை. எவாரிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தந்தை அவர். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்; தெல்ஃபீனா அவருக்குக் கொம்மாத்ரே.

“கொம்பாத்ரே, என்ன நடை இது? குதிரை வாங்கிட்டீங்களா, இல்ல குதிரை உங்கள வாங்கிருச்சா?”

“முட்டி வலி.”

“முட்டி வலிக்கிறவன் நொண்டுவான். நீங்க வாத்து மாதிரில்ல போறீங்க. கொம்மாத்ரே ராத்திரி தூங்கவே விடுறதில்லையோ?”

முட்டைத் தட்டு சுமக்கும் தட்டுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எவாரிஸ்தோவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் வெளிச்ச அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே இருட்டு அவருக்கு வசதியாக இருந்தது.

தெல்ஃபீனா கோயில் வாசலில் கொர்தீத்தா சுட்டு விற்பவள். தடித்த சோள அடையைப் பிளந்து பீன்ஸ், பாலாடைக்கட்டி, சிவப்பு மிளகாய்ச் சாறு வைத்துக் கொடுப்பாள். வாய்க்கு வாய் பேசுகிறவள். அவள் பல மாதம் எதுவும் கேட்கவில்லை என்பதே எவாரிஸ்தோவுக்குப் பயமாக இருந்தது. ஏப்ரல் பிறந்து, கருணையின் ஆண்டவர் திருவிழாவுக்கு ஊர் வண்ணக் காகிதம் கட்டத் தொடங்கியபோது ஒரு சாயங்காலம் கேட்டாள்.

“பேரு சொல்லு.”

“எந்தப் பேரு?”

“அவ பேரு. எனக்குத் தெரிஞ்சவளா, தெரியாதவளா, அதை மட்டும் சொல்லு போதும்.”

“யாரும் இல்ல தெல்ஃபீனா.”

“யாரும் இல்லாமலா ஒருத்தன் பொண்டாட்டியை விட்டுட்டு மிளகாயோட படுப்பான்?” அவள் குரல் உயரவில்லை. “திருவிழா முடியட்டும். வியாபாரம் இருக்கு, பாதியில விட முடியாது. முடிஞ்சதும் அக்கா வீட்டுக்கு அக்வாஸ்காலியெந்தெஸ் போறேன். பெட்டி கட்டி வெச்சாச்சு. நீ தேட வேண்டாம்.”

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நாக்கு வரை வந்தது. ஆனால் சொன்னால் அவள் அக்கா வீட்டுக்குப் போக மாட்டாள். தான் சாகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். காயடிபட்டதையும் பார்ப்பாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கோயில் பக்கவாசலில் நின்றார். அங்கே தோன்யா தொமாசா ஒரு பலகையில் சிவப்புத் துணி விரித்து ஈய உருக்கள் விற்பாள். நோய்ப்பட்ட உறுப்பின் உருவை வாங்கி, சிவப்பு நாடாவில் கோத்து, ஆண்டவர் பக்கத்தில் தொங்குகிற துணியில் குத்திவிட்டு வேண்டிக்கொள்வார்கள். கால் இருந்தது. கை இருந்தது. ஜோடிக் கண், காது, ஈரல், மார்பு, மண்டியிட்ட பெண், மண்டியிட்ட ஆண், பசுமாடு, பன்றி, கற்றாழை, லாரி கூட இருந்தது. எவாரிஸ்தோ இரண்டு முறை பார்த்துவிட்டார். அவருக்கு வேண்டியது இல்லை.

“எந்த இடம்?” என்றாள் தொமாசா.

“உள்ள.”

“உள்ளன்னா நுரையீரலா, குடலா? எல்லாருக்கும் எல்லாமே உள்ளதானே இருக்கு.”

பின்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். எவாரிஸ்தோ தொப்பியைக் கீழே இறக்கினார்.

“நெஞ்சு,” என்றார்.

தொமாசா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு சின்ன இதயத்தை எடுத்து நாடா கோத்துக் கொடுத்தாள்.

உள்ளே போய்த் துணியின் முன்னால் நின்றபோது அவர் கை ஓடவில்லை. துணி நிறைய உருக்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தன. பெண்டாட்டியிடம் பொய், கொம்பாத்ரேயிடம் பொய். ஆண்டவரிடமும் நெஞ்சு என்று பொய் சொன்னால், அவர் நல்ல நெஞ்சையே மறுபடி நன்றாக்கிவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால்? ஊசியைக் குத்தாமல் இதயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

சட்டையைத் துவைக்க எடுத்தவள் தெல்ஃபீனா.

ஈரக்கையில் அந்த இதயத்தைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். முகம் கல்லாக இருந்தது. சிவப்பு நாடாவோடு ஓர் இதயம், ஒரு பெண்ணுக்கில்லாமல் வேறு யாருக்கு வாங்குவான் ஒரு ஆண்? ஆனால் நடந்து வரும்போதே மேலே இருந்த துளையை, தொமாசா போடும் முடிச்சை அவள் விரல்கள் கண்டுகொண்டன; இது கோயிலுக்கு வாங்கியது.

“இது யாருக்கு?”

“எனக்கு.”

“உனக்கா? நெஞ்சா?”

அவர் தலையாட்டினார். தலையாட்டுவது எளிதாக இருந்தது.

தெல்ஃபீனா துவைகல்லின் மீது உட்கார்ந்துவிட்டாள். “அதான் தனியாப் படுத்தியா? அதான் கொல்லையில நின்னு நின்னு காபி குடிச்சியா? மூச்சு முட்டுச்சா? கிழட்டுக் கழுதை, வாயைத் திறந்து சொன்னா என்ன?” ஏப்ரனின் முனையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, தண்ணீரா என்று தெரியவில்லை. “எழுந்திரு. தொப்பியை எடு. இன்னைக்கு யாருக்கும் கொர்தீத்தா கிடையாது.”

டாக்டர் அபுந்தீஸ் அவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். ஒட்டுப்பட்டைகளும் கம்பிகளும் போட்டுக் காகிதத்தில் கோடு எடுத்தார். தெல்ஃபீனா பக்கத்து நாற்காலியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த நெஞ்சோட நீங்க இன்னும் கற்றாழை வெட்டப் போகலாம், தோன் எவாரிஸ்தோ. ஒரு குறையும் இல்ல.”

எவாரிஸ்தோ மனைவியின் பக்கம் திரும்பினார். நல்ல செய்தி கேட்ட முகமாக அது இல்லை. அவள் கைப்பையின் வாரை மெல்லத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றால் மிளகாய் அறைக்கு வேறு காரணம் இருக்கிறது. பெட்டி கட்டியபடியே இருக்கிறது. இந்த நாற்காலியிலிருந்து அவள் எழுந்தால் நேரே பஸ் நிலையம்தான் என்று அவருக்குத் தெரிந்தது. சாவுக்காக அவர் பத்திரமாக வைத்திருந்த தனிமை, அவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே வந்துவிடப்போகிறது.

“நெஞ்சு இல்ல, டாக்டர்,” என்றார். “கீழ.”

“கீழன்னா வயிறா?”

எவாரிஸ்தோ மடியிலிருந்த தொப்பியை எடுத்து மேசை மீது வைத்தார்.

டாக்டரின் பார்வை அங்கே இறங்கியது. பிறகு டாக்டர் தெல்ஃபீனாவிடம், “கொஞ்சம் வெளிய இருக்கீங்களாம்மா?” என்றார்.

“எதுக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்க்காததையா இனிமே பார்க்கப் போறேன்?”

“பார்க்கலதான்,” என்றார் எவாரிஸ்தோ, தரையைப் பார்த்துக்கொண்டு. “வளர்ந்துருக்கு.”

அவள் வெளியே போகவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

டாக்டர் அவரை நிற்கவைத்துப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார். இருமச் சொன்னார். வீக்கத்துக்கு மேலே இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, “விரல் சேருது. அப்ப குடல் இறங்கல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வலிக்கிறதா, திடீரென்று வந்ததா, அடிபட்டதா, படுத்தால் வடிகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனா டார்ச்சை எடுத்து வீக்கத்தின் பின்புறம் ஒட்டிப் பிடித்தார்.

அந்தச் சிவப்பு. எவாரிஸ்தோ கண்களை மூடிக்கொண்டார்.

“பாருங்க, எப்படி எரியுது. வெளிச்சம் நல்லாப் போகுது. அப்ப நல்லதுதான்.”

“நல்லதா?” எவாரிஸ்தோவுக்குக் கோபம் வந்தது. “டாக்டர், நான் பொரிப்பகத்துல வெளிச்சம் பார்க்கிறவன். என்கிட்டயே சொல்றீங்களா? முழுசா எரிஞ்சா ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும். இது முழுசா எரியல. நானே விளக்கு வெச்சுப் பார்த்தேன். உள்ள கருப்பா ஒண்ணு பிடிச்சிருக்கு. அதுதான் வளருது.”

“எங்க?”

“இதோ, பின்னாடி. ஓரமா.”

டாக்டர் டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

“இதுவா? இது வளரல, தோன் எவாரிஸ்தோ. இது உங்க கூடவே பொறந்தது. உங்க விதை இது. தண்ணிக்கு நடுவுல சும்மா உட்கார்ந்திருக்கு.”

டார்ச் அணைந்தது. விளக்கு வந்தது.

எவாரிஸ்தோ கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். தன்னுடைய ஒன்றை, தன்னைத் தின்ன வந்த பிராணி என்று இத்தனை நாள் சுமந்திருக்கிறார். அதற்குப் பயந்து, அதற்கு வழிவிட்டு, அதை மறைத்து, அதற்காகவே ஒரு சாவை ஏற்பாடு செய்துகொண்டு. அது பாவம், தண்ணீருக்குள் அதன் இடத்திலேயே இருந்திருக்கிறது.

“விதையைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு,” டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “அதுக்குள்ள கொஞ்சூண்டு ஈரம் எப்பவும் ஊறும், எப்பவும் வத்தும். உங்களுக்கு ஊறுறது ஊறுது, வத்துறது வத்தல. விரைவீக்கம்னு சொல்லுவோம். நெறைய பேருக்கு வரும். சிலருக்கு விதைக்கு மேல சின்ன நீர்க்கட்டி வரும், அதுவும் இப்படித்தான் எரியும். சிலருக்கு ரத்தக்குழாய் புடைச்சு, தொட்டா புழு சுருண்ட பை மாதிரி இருக்கும், அது எரியாது. இதெல்லாம் உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. பாதிப் பேருக்கு வைத்தியமே வேண்டாம்.”

“அப்ப புத்துநோய்?”

“அது கெட்டியா இருக்கும், விதையிலேயே இருக்கும். வெளிச்சம் தாண்டாது. அப்படி ஒண்ணு கைக்குத் தட்டுனா ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது. திடீர்னு உயிர்போற வலி வந்தாலும் அப்படித்தான், உடனே ஓடி வரணும். ஆனா தண்ணிக்குப் பின்னாடி ஒளிஞ்சு எதுவும் இருக்கக் கூடாதில்ல, அதனால ஸ்கேன் ஒண்ணு எடுத்துருவோம். என் டார்ச்சையும் நம்ப வேண்டாம், உங்க விளக்கையும் நம்ப வேண்டாம்.”

ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றுக்குக் கீழே குளிர்ந்த கூழைத் தடவி ஒரு கட்டையை உருட்டினாள். திரையில் தண்ணீர் கருப்பாகத் தெரிந்தது. விதை சாம்பல் நிறத்தில், மேடுபள்ளம் இல்லாமல், ஒரே சீராக இருந்தது. இங்கே கருப்புதான் ஒன்றுமில்லாதது. எவாரிஸ்தோ அதை நம்ப முடியாமல் இரண்டு முறை கேட்டார். அந்தப் பெண் இரண்டு முறையும் பொறுமையாக ஆமாம் என்றாள்.

திரும்ப வந்து உட்கார்ந்ததும் டாக்டர் வழிகளைச் சொன்னார். தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விடலாம். ஊசி போட்டு உறிஞ்சலாம், ஆனால் பெரும்பாலும் திரும்ப நிறையும், கிருமியும் சேரலாம். நடக்கவும் உட்காரவும் இவ்வளவு சிரமம் என்றால் அறுவை சிகிச்சைதான் சரி: உறையைத் திறந்து, தண்ணீரை வடித்து, மறுபடி தேங்காதபடி உறையைப் புறம் திருப்பித் தைத்துவிடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

எவாரிஸ்தோ மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “காயடிச்சிருவீங்களா?”

“யாரு, நானா?”

“வெட்டி எடுத்துருவீங்களா?”

“எதுக்கு எடுக்கணும்? நல்லா இருக்கிறதை யாராவது எடுப்பாங்களா? பையைத்தான் சரி பண்றோம். உள்ள இருக்கிறவரு அவர் இடத்துலயே இருப்பாரு.”

“எழுதிக்கங்க டாக்டர், வெட்டிக்கிறாரு,” என்றாள் தெல்ஃபீனா.

தெருவில் வண்ணக் காகிதங்கள் காற்றில் படபடத்தன. யாரோ தூரத்தில் எக்காளம் ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சதுக்கத்தில் ஒரு இரும்பு இருக்கையில் தெல்ஃபீனா உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல் கால்களை அகற்றி, பக்கம் பார்த்து உட்கார்ந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது.

“ஒரு வருஷமா நான் அந்த விதவை பிலாரிட்ட தோர்த்தியா ரொட்டி வாங்கல,” என்றாள் அவள்.

“ஏன்?”

“அவதான்னு நெனச்சேன். அவ கடைக்கு முன்னாடிதானே நீ எப்பவும் மெதுவா நடப்ப.”

“அங்க மேடு, தெல்ஃபீனா. ஏற முடியல.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ உடைந்து, கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் முதுகில் கை வைக்கலாமா என்று யோசித்தார். ரொம்ப நாள் ஆகிவிட்டிருந்தது. பிறகு வைத்தார்.

“செத்துப்போறதுக்கா என்கிட்டேர்ந்து தள்ளிப் படுத்த?”

“ஆமா.”

“கூமுட்டை,” என்றாள் அவள்.

மழைக்கு முன்பாக அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு, திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம் அவருக்குக் கேட்டது. வைக்கோல் நிறத்தில் இருந்ததாகப் பிறகு செவிலி சொன்னாள். விதை பத்திரமாக இருப்பதாக அவர் கேட்காமலே சொன்னாள். எல்லா ஆண்களும் கேட்கிற கேள்வி போலும். வீட்டில் துணி சுற்றிய ஐஸ், இறுக்கமான உள்ளாடை, தூக்கக்கூடாது, ஓடக்கூடாது. சில வாரம் நீலம் பாரித்து, முன்பு இருந்ததைவிடப் பெரிதாக வீங்கியபோது எவாரிஸ்தோ மறுபடி பயந்தார். டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததை தெல்ஃபீனா ஒவ்வொரு நாளும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. தையல் தானாகக் கரைந்தது. வீக்கம் மெல்ல வடிந்தது.

மிளகாய் அறையில் மறுபடி மிளகாய் மட்டும் இருந்தது.

வேலைக்குத் திரும்பியபோது ரொசெந்தோ அவருடைய தட்டுகளைத் தானே தூக்கிவந்து வைத்தார்.

“குடலிறக்கம்னு சொன்னாங்களே, கொம்பாத்ரே?”

எவாரிஸ்தோ தலையாட்டப் போனார். கழுத்து அசையவில்லை.

“இல்ல. விதையில தண்ணி. எடுத்தாச்சு.”

தட்டுக்காரர்கள் சிரிப்பதற்குத் தயாராக நின்றார்கள். ரொசெந்தோ தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தார். கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

“டாக்டர் பேரு என்ன சொன்னீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

அந்த வருஷ முடிவுக்குள் எவாரிஸ்தோ கோயிலுக்குப் போய் அந்த இதயத்தைத் துணியில் குத்தினார். அதைக் கொடுத்துவிட்டுச் சரியான உருவை வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். தொமாசாவின் பலகையில் அது இல்லை. கால், கை, கண், லாரி. கேட்க வெட்கமாக இருந்தது. இருக்கட்டும், ஆண்டவருக்குப் புரியும் என்று குத்திவிட்டு வந்தார். மறுநாள் காலை சமையலறைக்குப் போய் ஜன்னல் பக்கமாக நின்று கையை நீட்டினார்.

“உள்ள யாராவது இருக்காங்களா?”

“ஆளில்ல. உடைச்சுக்க.”

மிச்சக் கதையை தெல்ஃபீனாதான் கேட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு வெட்கம் இல்லை. அடுத்த திருவிழாவின்போது தோன்யா தொமாசா பசியோடு அவள் கடைக்கு வந்து உட்கார, கொர்தீத்தாவைத் திருப்பிப் போட்டபடியே, எல்லா உறுப்பும் வைத்திருக்கிறாயே, ஆம்பளைகளுக்கு வேண்டிய அதை மட்டும் ஏன் வைக்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். வைத்ததுதான் என்றாளாம் தொமாசா. அவள் கணவர் இருந்த காலத்தில் அச்சு செய்து ஒரு கூடை நிறைய வார்த்தாராம். பலகையின் ஓரத்தில், துணிக்குப் பாதி அடியில் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் வருவார்கள், அதைப் பார்ப்பார்கள், நெஞ்சு என்று சொல்லி இதயத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒன்று கூட விற்கவில்லை. கடைசியில் அவர் கூடையோடு உருக்கி எல்லாவற்றையும் இதயமாக வார்த்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவள் புதிதாக இதயம் வார்க்கவே இல்லை. இன்று வரை அவள் விற்கிற இதயமெல்லாம், எவாரிஸ்தோ குத்தியது உட்பட, அந்தக் கூடையில் மிஞ்சியதுதான்.